தேநீர்க்கடைக்கு மூலஸ்தானம் உண்டா?

(கிராமச் சனசமூக நிலையமொன்றின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



இன்று மாலை வாசிப்புப் பழக்கத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு நிலையத்தின் செயலாளர் எம்மைக் கேட்டிருந்தார். நாமும் இசைந்தோம். ஆனால் இங்கு வந்தமர்ந்ததும் எமது கையில் தரப்பட்ட நிகழ்ச்சி நிரலின் மறுபக்கத்திலே, புதிய மண்டபத்துக்குரிய விதிகளின் நகல் அச்சிடப்பட்டிருக்கக் கண்டோம். அதன் நான்காம் விதியை வாசித்த பின்னர் வாசிப்பைப் பற்றிப் பேச எமக்கு மனம் வரவில்லை. வாசித்ததைப் பற்றியே பேசப் போகின்றோம். செயலாளர் பொறுத்தருள வேண்டும்.

நான்காம் விதி சொல்வது இது: மண்டபம் திருமணம் முதலிய வைபவங்களுக்கு வாடகைக்கு விடப்படும், ஆயின் ஆலய உபயகாரராகிய சைவக் குடும்பங்களுக்கு மட்டுமே விடப்படும். காரணமும் எழுதப்பட்டிருக்கிறது. மண்டபம் ஆலய வீதியை அடுத்திருப்பதனால் சமயத் தூய்மை பேணப்பட வேண்டுமாம்.

உபயகாரர் பட்டியலில் எந்தெந்தக் குறிச்சியார் பெயர் உண்டு, எந்தக் குறிச்சியார் பெயர் இல்லை என்பதை இந்தச் சபையில் அறியாதவர் ஒருவருமில்லை. ஆகவே இந்த விதி ஒரு கதவால் கிறிஸ்தவரையும் முஸ்லிம்களையும் வெளியே நிறுத்துகின்றது. மற்றொரு கதவால், சாதி என்ற சொல்லை உச்சரியாமலே, சைவரிற் சிலரையும் வெளியே நிறுத்துகின்றது. எழுதியவர் கெட்டிக்காரர். அவரை நாம் குறைகூற வரவில்லை. அவர் எழுப்பியிருக்கும் கேள்வி பெரியது என்பதையே சொல்ல வருகின்றோம். பணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குப் பணி செய்யும் ஒருவர், தம் சமயத்தைக் காரணங்காட்டி ஒரு சாராரைத் திருப்பி அனுப்பலாமா?

நாம் சிறுவராயிருந்த காலத்தில், பாடசாலைக்குப் போகும் வழியில், சந்தியிலே ஒரு தேநீர்க்கடை இருந்தது. கடைக்காரர் நல்ல மனிதர். நெற்றியில் திருநீறு அழியாதவர். விடியற்காலையில் முருகன் படத்துக்குப் பூ வைத்து, விளக்கேற்றி, தேவாரம் பாடிய பின்னரே அடுப்பை மூட்டுவார். கடன் கேட்டவரை அவர் ஒருநாளும் வைததில்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தேநீரோடு பனங்கட்டித் துண்டொன்றும் இலவசமாகக் கிடைக்கும். நாம் வாங்கில் அமர்ந்து மூக்குப்பேணியிற் குடித்தோம். எமது தோட்டத்தில் இறைப்பு வேலை செய்தவரோ கடையின் பின்புறத்தில், வேலியோரமாக நின்று, தாம் கொண்டுவந்த போத்தலை நீட்டுவார். கடைக்காரர் எட்ட நின்று ஊற்றுவார்.

ஒருநாள் சிறுபிள்ளைத்தனமாக ஏனென்று கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. "உள்ளுக்குச் சாமிப்படம் இருக்குது தம்பி. இது நான் வகுத்த வழக்கமில்லை" என்றார்.

அவர் பொய் சொன்னார் என்று நாம் இன்றுங் கருதவில்லை. தம் சமயம் அவ்வாறே கட்டளையிடுகின்றது என்று அவர் மெய்யாகவே நம்பினார். இந்தப் பிரச்சினையின் முள் அங்கேதான் இருக்கின்றது. சமயத்தைப் போர்வையாகப் போர்த்திய கயவரை எதிர்ப்பது எளிது. போர்வையைப் பிடித்திழுத்தாற் போதும். மெய்யாக நம்புகின்ற நல்லவரை என்ன செய்வது? அவருடைய நம்பிக்கைக்குச் சட்டம் எவ்வளவு இடங்கொடுக்க வேண்டும்? ஒன்று மட்டும் சொல்லுவோம்: வேலியோரத்திலிருந்து நீட்டப்பட்ட சில்லறையை அவர் தண்ணீர் தெளித்து வாங்கியதை நாம் ஒருநாளுங் கண்டதில்லை.

சமய சுதந்திரத்தை நாம் இலேசாக எண்ணுபவரல்லோம். இது கோயில்கள் இடிக்கப்பட்ட மண். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் போர்த்துக்கேயரால் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. ஒல்லாந்தர் காலத்தில் விரத நாட்களிலே உண்ட வாழையிலையைக் கூரையிற் செருகி ஒளித்துவைத்தார்கள் என்று எமது முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். தான் வணங்கும் தெய்வத்தை அச்சமின்றி வணங்கும் உரிமை எத்தகையது என்பதை இலையை ஒளித்தவருடைய பேரப்பிள்ளைகளுக்கு எவரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த உரிமை ஒளித்தவருக்கு அரணாக எழுந்த உரிமை. வேலியோரத்தில் ஒருவரை நிறுத்திவைப்பதற்கு அதனை ஆயுதமாக எடுப்பது வேறு காரியம்.

சட்டம் இழுத்த கோடு

இந்த நாட்டிலே இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒரு விடை எழுதப்பட்டிருக்கின்றது. அது 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம். சாதியைக் காரணமாக வைத்து ஒருவரைப் பாடசாலையிலோ, கடையிலோ, உணவுச்சாலையிலோ, பொதுக் கிணற்றிலோ, பொது வாகனத்திலோ, ஆலயத்திலோ தடுப்பது குற்றமென்று அச்சட்டம் விதித்தது.

அதனை வரைந்தவர்கள் சமய சுதந்திரத்தை மறந்துவிடவில்லை. மறக்கவும் முடியாது, அன்று நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு எந்தச் சமயத்தினதும் சுதந்திரமான அனுட்டானத்தைப் பாராளுமன்றம் தடைசெய்யலாகாதென்று கட்டியிருந்தது. ஆகவே அவர்கள் ஒரு கோடு இழுத்தார்கள். இந்துக் கோயிலின் மூலஸ்தானத்தையும், குருமார் மட்டுமே செல்லும் அதையொத்த ஏனைய இடங்களையும் சட்டத்திலிருந்து விலக்கிவைத்தார்கள். அங்கே சமயத்தின் ஆட்சி. அதற்கு வெளியே, பொதுமக்கள் வழமையாக நடமாடும் இடத்தில், மனிதரின் உரிமை.

கடைகளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் இத்தகைய விலக்கு எதுவும் இல்லை. சாமிப்படம் தொங்கும் கடை, தொங்காத கடை என்று சட்டம் வகைபிரிக்கவில்லை. கோயிலுக்கு மூலஸ்தானம் உண்டு. தேநீர்க்கடைக்கு மூலஸ்தானம் இல்லை. நாம் இன்று சொல்ல வந்தது முழுவதும் இந்த ஒரு வரிதான். மீதியெல்லாம் அதன் விரிவுரை.

சட்டம் வந்துவிட்டது என்பதற்காகக் கதவுகள் தாமாகத் திறந்துவிடவில்லை. மறு ஆண்டில், 1958இல், அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபையினர் யாழ்ப்பாணத்தில் தேநீர்க்கடைப் பிரவேசத்தைத் தொடங்கினர். அமெரிக்காவிலே வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வூல்வேர்த் கடையின் உணவு மேசையில் அமர்ந்து எழும்ப மறுத்தது 1960 பெப்ரவரி 1ஆம் திகதி. அதை உலகம் முழுவதும் படித்தது. அதற்கு ஓராண்டுக்கு முன்னரே எம்மவர் எமது சந்திகளில் வாங்குகளில் அமரத் தொடங்கிவிட்டனர். அதை எமது பிள்ளைகளே படித்ததில்லை. பாடப்புத்தகம் எழுதுவோர் இதைக் கவனிப்பார்களாக.

பட்டணத்திலே சில கடைகள் திறந்தன. கிராமங்களிலே போத்தலும் சிரட்டையும் நீடித்தன. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டது. பொலிசாரின் தடியடியைத் தாங்கிக்கொண்டு அது முற்றவெளியை வந்தடைந்தது. அதன் பின்னர் சங்கானை, நெல்லியடி முதலிய இடங்களில் நடந்தவற்றையும், ஒரு கோப்பைத் தேநீருக்காகச் சிந்தப்பட்ட குருதியையும், இந்தச் சபையிலுள்ள முதியோர் நன்கறிவர். அறியாத இளைஞர் கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலை எடுத்து வாசிக்கட்டும். எமது நிலையத்தின் நூலகத்தில் அது உண்டா என்று தேடினோம், கிடைக்கவில்லை. (வாசிப்புப் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசிவிட்டோம்.)

1968இல் மாவிட்டபுரம். அங்கே கந்தசுவாமி கோயில் வாசலில் நின்று வழிமறித்தவர் கல்வியறிவற்ற பாமரர் அல்லர். கணிதப் பேராசிரியராயிருந்தவர், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இடம்பெற்றவர், தமிழருக்குத் தனி நாடு வேண்டுமென்று முதன்முதலில் முழங்கியவர்களுள் ஒருவர். செ. சுந்தரலிங்கம் அவர்களையே சொல்கின்றோம். தமிழருக்கு நாடு கேட்டவர் தமிழரைக் கோயிலுக்குள் விடமாட்டேன் என்று நின்றார். ஆகமத்தைக் காட்டினார், சமய வழக்கத்தைக் காட்டினார். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டு, அவர் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டார். மூலஸ்தானத்துக்குள் போகவேண்டுமென்று அன்று வந்தவர்கள் கேட்கவில்லை. மற்ற அடியார் நிற்கும் இடத்தில் தாமும் நிற்கவேண்டும் என்றே கேட்டனர்.

கடல் கடந்த கடைகள்

சாமிப்படத்தைக் காட்டிக் கதவடைப்பது எமது ஊருக்கு மட்டும் உரிய வித்தை என்று எவரும் எண்ணவேண்டாம்.

அமெரிக்கக் குடியியல் உரிமைச் சட்டம் 1964 யூலை 2ஆம் திகதி கையொப்பமாயிற்று. உணவகம், விடுதி, நாடகக் கொட்டகை ஆகியவற்றில் இனத்தையோ நிறத்தையோ சமயத்தையோ பிறந்த தேசத்தையோ காரணங்காட்டி எவரையும் திருப்பி அனுப்பலாகாது என்றது. தென் கரோலினாவில் மோரிஸ் பெசிங்கர் என்பவருக்கு அனலில் வாட்டிய பன்றியிறைச்சி விற்கும் உணவகங்கள் ஆறு இருந்தன. கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் ஒன்றாக இருத்துவது தெய்வ சித்தத்துக்கு மாறானது. இந்தச் சட்டம் எனது சமய சுதந்திரத்தைப் பறிக்கின்றது என்று அவர் நீதிமன்றத்தில் வாதாடினார். எமது சந்திக் கடைக்காரர் எம்மிடம் மெல்லச் சொன்னதை அவர் சட்டத்தரணியை வைத்து உரக்கச் சொன்னார், வேற்றுமை அவ்வளவே. அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் 1968இல் அவ்வாதத்தைப் பொருட்படுத்தத்தக்க வாதமாகவே கொள்ளவில்லை. நம்பிக்கை அவருடையது, அதை எவரும் தொட முடியாது. ஆனால் ஊராருக்கு உணவு விற்கக் கடை திறந்தபின், அந்நம்பிக்கை வாடிக்கையாளருடைய வாசலாக முடியாது.

அலபாமா மாநிலத்தின் பேர்மிங்ஹாம் நகரில் இன்னோர் உணவகம். ஒல்லி என்பவர் பெயரால் வழங்கியது. அங்கே கறுப்பினத்தவருக்கு உணவு விற்கப்பட்டது. ஆனால் அவர்கள் அதைக் கட்டிக்கொண்டு போய்விட வேண்டும். உள்ளே இருந்து உண்ணலாகாது. கேட்கும்போதே வேலியோரத்துப் போத்தல் கண்முன் வருகின்றதல்லவா? 1964 டிசம்பரில் அந்த உணவகமும் வழக்கில் தோற்றது.

அந்தச் சட்டத்தை வரைந்தவர்களும் எம்மவரைப்போல ஒரு கோடு இழுத்திருந்தார்கள் என்பதே எமக்குச் சுவையான செய்தி. ஐந்து அறைகளுக்கு மேற்படாது வாடகைக்கு விட்டு, அதே வீட்டில் தானும் குடியிருப்பவரைச் சட்டம் தொடவில்லை. உண்மையான தனியார் கழகங்களையும் தொடவில்லை. வீட்டுக்குள் எவரை அழைப்பது என்பது வீட்டுக்காரர் பாடு. அதுவும் ஒருவகை மூலஸ்தானந்தான். பெயர்ப்பலகை தூக்கிய கடை அந்த வகையில் அடங்காது. பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் இன்னும் தெளிவானது. சமய அமைப்புகளுக்குச் சில விலக்குகளை அது வழங்குகின்றது; ஆனால் வணிகமே முதன்மை நோக்கமாக உள்ள அமைப்புக்கு அவ்விலக்கு இல்லை.

அண்மைக் கால வழக்குகள் வேறொரு முகம் காட்டுகின்றன. ஒரே பாலினத்தைச் சேர்ந்த தம்பதியருக்கு ஒரே படுக்கையறை தருவது எமது கிறிஸ்தவ மனச்சாட்சிக்கு ஒவ்வாது என்று இங்கிலாந்தின் கோர்ண்வோல் பகுதியில் விடுதி நடத்திய கணவனும் மனைவியும் மறுத்தனர். 2013இல் அவர்கள் தோற்றனர். அத்தகைய தம்பதியரைப் பற்றி இந்தச் சபையிலுள்ளோர் என்ன நினைக்கின்றனர் என்று நாம் கேட்கவில்லை. பலர் முகஞ்சுளிப்பதைக் காண்கின்றோம். முகஞ்சுளிப்பது சட்டத்துக்கு அளவுகோலாயின், 1957இல் எந்தச் சட்டமும் வந்திருக்காது.

2018இல் பெல்பாஸ்ற் நகரத்து வெதுப்பகம் ஒன்றின் வழக்கு தீர்ந்தது. ஒரே பாலினத்தவர் திருமணத்தை ஆதரிக்கும் வாசகமொன்றைக் கேக்கின் மீது எழுதித் தருமாறு ஒருவர் கேட்டார், வெதுப்பகத்தார் மறுத்தனர். பிரித்தானியாவின் அதியுயர் நீதிமன்றம் வெதுப்பகத்தாரின் பக்கம் தீர்ப்பளித்தது. ஏன்? அந்த வாசகத்தை எவர் வந்து கேட்டிருந்தாலும் அவர்கள் மறுத்திருப்பார்கள். அதே மனிதர் வேறொரு கேக்கைக் கேட்டிருந்தால் விற்றிருப்பார்கள். அவர்கள் மறுத்தது ஆளை அன்று, கருத்தை. தாம் ஒப்பாத அரசியற் கருத்தைத் தம் கையால் எழுதும்படி எவரையுங் கட்டாயப்படுத்த முடியாது. இது நியாயமான தீர்ப்பென்றே எமக்குத் தோன்றுகின்றது.

அமெரிக்காவில் இந்தக் கோடு சற்றுக் கலங்கியிருக்கின்றது. கொலராடோ மாநிலத்து வெதுப்பகக்காரர் ஒருவர் இத்தகைய தம்பதியருக்குத் திருமணக் கேக் செய்ய மறுத்த வழக்கில், 2018இல் அவர் வென்றார். ஆனால் மாநில ஆணைக்குழு அவருடைய சமயத்தை மதியாது நடந்தது என்ற காரணத்தால் வென்றாரேயன்றி, மூலக் கேள்வி தீர்க்கப்படவில்லை. 2023இல் இணையத்தளம் வடிவமைக்கும் பெண்மணி ஒருவரின் வழக்கில் ஆறு நீதியரசர், அவருடைய வேலை பேச்சுரிமையின்பாற் படும். ஆகவே அவர் விரும்பாத திருமணத்துக்கு இணையத்தளம் ஆக்கும்படி வற்புறுத்த முடியாது என்றனர். மூவர் மறுத்தனர். எமது மனம் அந்த மூவரோடு நிற்கின்றது. கைத்தொழில் யாவும் கலை, கலை யாவும் பேச்சு என்று இழுத்துக்கொண்டு போனால், சலூன்காரரும் தையற்காரரும் நாளைக்கு அதே வாசலால் நுழைவர்; எமது ஊரில் அந்த வாசலுக்குள் சாதி முதல் ஆளாக நுழையும்.

சைவக் கடையும் அச்சகமும்

கேக்கும் இணையத்தளமும் எமக்குத் தூரத்துக் கதை. எமது தெருவுக்கே வருவோம்.

யாழ்ப்பாணத்துச் சைவக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் மீன் குழம்பு கேட்க எவருக்கும் உரிமை இல்லை. கடைக்காரரின் சமயம் அவருடைய அடுப்பை ஆளலாம். எதைச் சமைப்பது, எதைச் சமையாதிருப்பது என்பது அவருடைய மனச்சாட்சி. ஆனால் தோசை கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. கத்தோலிக்கர் வந்து கேட்டாலும் முஸ்லிம் வந்து கேட்டாலும், அடுத்த குறிச்சியார் வந்து கேட்டாலும், அதே தோசை, அதே இலை, அதே வாங்கு. முஸ்லிம் அன்பரின் ஹலால் கடையும் அவ்வாறே. அங்கே பன்றியிறைச்சி கேட்பது வம்பு. எம்மைத் தமிழர் என்பதற்காக அவர் எழுப்பிவிடுவது குற்றம். சமயம் பண்டத்தை வரையறுக்கலாம்; வாங்குபவரை வரையறுக்க முடியாது.

அச்சகம் வைத்திருக்கும் சைவ அன்பர் ஒருவரிடம் விக்கிரக வழிபாடு பேய் வழிபாடு என்று தூற்றும் துண்டுப் பிரசுரமொன்றை ஒருவர் கொண்டுவருகின்றார் என வைப்போம். இதை என் யந்திரத்தில் ஏற்றமாட்டேன் என்று அவர் சொல்லலாம். சொல்ல வேண்டுமென்றே நாம் கருதுகின்றோம். ஆனால் அதே மனிதர் மறுநாள் தம் மகளின் தேவாலயத் திருமணத்துக்கு அழைப்பிதழ் அச்சிடக் கொண்டுவந்தால் மறுக்கலாமா? மறுத்தால் அவர் மறுப்பது கருத்தை அன்று, ஆளை. இரண்டுக்கும் நடுவே வழுக்கலான இடங்கள் உண்டு என்பதை ஒப்புக்கொள்கின்றோம். அழைப்பிதழில் வேதாகம வசனம் இருந்தால் என்ன? அது அவர்களுடைய வாசகம். வசனத்தை நம்புபவர் அவர்களேயன்றி அச்சுக் கோப்பவர் அல்லர் என்பது ஊரறிந்த செய்தி. ஆகவே அச்சிடுவதே முறை என்போம். வேறு விதமாக நினைப்பவரோடு வாதாட நாம் ஆயத்தமாயிருக்கின்றோம். ஆயினும், இடையில் ஓரிடம் வழுக்குகின்றது என்பதற்காகக் கரையே இல்லையென்று சொல்லிவிட முடியாது.

ஓட்டை எங்கே?

இனிச் சட்டத்திலுள்ள ஓட்டையைச் சொல்லவேண்டும். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரை, இனம், சமயம், மொழி, சாதி, பால் ஆகிய எதன் காரணமாகவும் கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், பொதுக் களியாட்ட இடங்கள், தத்தம் சமயத்துக்குரிய பொது வழிபாட்டிடங்கள் ஆகியவற்றில் எவருக்குந் தடை விதிக்கலாகாது என்கின்றது. வாசிக்கும்போது மனம் குளிர்கின்றது. ஆனால் அந்த உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போகும் வழியைக் காட்டும் 17ஆம், 126ஆம் உறுப்புரைகள் ஆட்சித்துறை அல்லது நிருவாகத்துறைச் செயலைப் பற்றியே பேசுகின்றன. கடை வைத்திருப்பவர் அமைச்சருமல்லர், அரசாங்க அதிபருமல்லர். ஆகவே, கடையைப் பற்றி எழுதிய உரிமையைக் கொண்டுபோய்க் கடைக்காரருக்கெதிராக நேரே நிறுத்த வழியில்லை. பூட்டையும் தந்து, சாவியை வேறு வீட்டில் வைத்தாற்போன்றது இது.

1957ஆம் ஆண்டுச் சட்டம் கடைக்காரரைத் தொடுகின்றது. 1971இல் திருத்தப்பட்டு அதன் தண்டனையும் கூட்டப்பட்டது. ஆனால் அது சாதிக்கு மட்டுமே. சமயத்துக்காகவோ இனத்துக்காகவோ திருப்பி அனுப்பப்பட்டவர் அதைப் பிடித்துக்கொள்ள முடியாது. சாதி வழக்கிலுங்கூட, அது குற்றவியற் சட்டமாகையால், பொலிசார் முறைப்பாட்டை ஏற்று வழக்கை நடத்த வேண்டும். ஊர்ப் பொலிஸ் நிலையத்தின் வாசலில் நின்று பார்த்தவருக்கு இதன் பொருள் விளங்கும்.

அண்டை நாட்டிலே 1950ஆம் ஆண்டு அரசியலமைப்பு தீண்டாமையையே ஒழித்ததாகப் பிரகடனஞ் செய்து, கடை, உணவகம் முதலியவற்றைப் பெயர் சொல்லித் திறந்தது; 1955இல் தனிச் சட்டமும் வந்தது. அங்கே தீண்டாமை மறைந்துவிட்டதா என்று கேட்பீர்கள். மறையவில்லை. ஆனால் சட்டமே கதவுக்கு வெளியில் நிற்பதற்கும், சட்டம் இருந்தும் மனிதர் மீறுவதற்கும் வேற்றுமை உண்டு.

2019 ஏப்ரல் 21ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் தென்னிலங்கையில் முஸ்லிம் கடைகளுக்குப் போகவேண்டாம் என்ற பிரசாரம் பரவியதை மறந்திருக்கமாட்டீர்கள். அதே ஆண்டு வெண்ணப்புவப் பிரதேச சபையின் தலைவர் தங்கொட்டுவச் சந்தையிலிருந்து முஸ்லிம் வியாபாரிகளை விலக்கக் கடிதம் எழுதியதும் செய்தியாயிற்று. அவர் பொதுச் சபையொன்றின் தலைவர்; சட்டம் அவரைக் கேள்வி கேட்க முடியும். தன் கடை வாசலில் ஒரு தாயைப் பார்த்து, "இந்த உடுப்போடு உள்ளே வரவேண்டாம்" என்று சொன்ன தனியாரை எந்தச் சட்டம் கேட்கும்? கொழும்பிலே வாடகை அறை தேடிப்போய், பெயரைச் சொன்னதும் "அறை கொடுபட்டுவிட்டது" என்று கேட்டுத் திரும்பிய தமிழ் இளைஞரை எந்தச் சட்டம் காத்தது?

ஆகவே நாம் கேட்பது இது. 12(3)ஆம் உறுப்புரை சொல்வதைத் தனியார் கடை மீதும் செல்லுபடியாக்கும் சட்டமொன்று வேண்டும். பொலிசாரைக் காத்திருக்காமல் பாதிக்கப்பட்டவர் தாமே மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் நட்ட ஈடு கேட்க வழி வேண்டும். மூலஸ்தானத்துக்கும், வீட்டுக்கும், குருவின் கடமைக்கும் விலக்கு இருக்கட்டும். எமது பாராளுமன்ற உறுப்பினர் இதைத் தனியார் பிரேரணையாகவேனும் கொண்டுவர வேண்டுமென்று இந்தக் கூட்டம் கேட்க வேண்டும். ஆனால் அவ்வாறு கேட்கும்போது அவர், உங்கள் மண்டபத்தின் நான்காம் விதி என்னவென்று திருப்பிக் கேட்டால் யார் பதில் சொல்வது?

மண்டபத்துக்குத் திரும்புவோம். அது ஆலயத்தின் உடைமை அன்று. சனசமூக நிலையத்தின் உடைமை. அங்கே பூசை இல்லை, கொடியேற்றம் இல்லை. வாடகைப் பற்றுச்சீட்டு உண்டு. ஆலய வீதி அருகில் இருக்கின்றது என்பது மெய். ஆகவே மண்டபத்தில் மாமிசம் சமைக்கலாகாது, மதுபானம் கொண்டுவரலாகாது, பூசை வேளையில் ஒலிபெருக்கி கூடாது என்று விதியுங்கள். அவை எல்லாருக்கும் பொதுவான விதிகள். கத்தோலிக்கரும் கட்டுப்படுவர், உபயகாரரும் கட்டுப்படுவர். உபயகாரருக்கு அந்த விதி சற்றுக் கூடுதலாகவே பயன்படும் என்பதைச் சிரிப்போடு சொல்லிவைக்கின்றோம்.

வரும் வழியில் மண்டபத்தின் வாசலிலே பதித்திருக்கும் கல்லை நின்று வாசித்தோம். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பணம் அனுப்பியவர்களின் பெயர்கள் அதிற் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் இரண்டு கத்தோலிக்கப் பெயர்கள். கீழிருந்து மூன்றாவது பெயர், உபயகாரர் பட்டியலில் இடமில்லாத குறிச்சியிலிருந்து புலம்பெயர்ந்த ஒரு தம்பியுடையது. அவருடைய தகப்பனார்தான் எமது தோட்டத்தில் இறைப்பு வேலை செய்தவர். அந்தத் தம்பி அடுத்த ஆவணியில் தம் மகளின் திருமணத்தை ஊரில் நடத்த எண்ணியிருப்பதாக எமக்கு எழுதியிருக்கின்றார். புதிய மண்டபம் கிடைக்குமா என்று செயலாளரிடம் விசாரித்துச் சொல்லும்படியுங் கேட்டிருக்கின்றார்.

செயலாளர் அவர்களே, எமது பேச்சு முடிந்ததும் விதிகள் ஒவ்வொன்றாக வாக்கெடுப்புக்கு வருமென்று நிகழ்ச்சி நிரல் சொல்கின்றது. நான்காம் விதியை நீக்கிவிட்டு, நாம் மேலே சொன்ன மூன்றையும் அதன் இடத்தில் வைக்குமாறு திருத்தம் பிரேரிக்கின்றோம். வழிமொழிய ஒருவர் வேண்டும். கடிதத்துக்கு இன்றிரவே பதில் எழுத வேண்டியிருக்கின்றது.